வேலை கிடைத்தபின் பயிற்சியா, பயிற்சி முடித்தபின் வேலையா?

நாற்பதைக் கடந்து துறை மாற நினைக்கும் சிங்கப்பூரர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம்: புதிய முதலாளி உங்களை வேலைக்கு எடுத்த பிறகே பயிற்சி. மற்றது, வேலையை விட்டுவிட்டு, அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் முழுநேரப் பயிற்சி.

முதல் வழியில் தொடக்கத்திலிருந்தே சம்பளம் வரும், மசேநிதியும் (மத்திய சேமநிதி) சேரும். நிரந்தரவாசிகளுக்கும் இடமுண்டு. இதற்கு அரசு தரும் சம்பள மானியம் முதலாளிக்குத்தான் போகும், உங்களுக்கு அல்ல. ஆகவே சம்பளத்தைச் சேரும் முன்பே பேசி முடியுங்கள். அனுபவமில்லாதவரை எடுக்க ஒரு முதலாளி முன்வரவேண்டும் என்பதுதான் இதன் கடினம்.

இரண்டாவதில் துறையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக 4,000 வெள்ளி கூடுதல் தொகை உண்டு. 2025 முதல், தகுதிபெறும் முழுநேரப் பயிற்சிக்கு மாதப் படித்தொகையும் உண்டு: முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, உச்சம் 3,000 வெள்ளி, வாழ்நாளில் 24 மாதம் வரை. 5,000 வாங்கியவருக்கு 2,500; 8,000 வாங்கியவருக்கோ 3,000தான்.

பலர் தடுமாறுவது மசேநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டும் வீட்டுக்கடனில். வேலையை விட்டதும் முதலாளியின் மசேநிதிச் சந்தா நின்றுவிடும், தவணை மட்டும் நிற்காது. சாதாரணக் கணக்கின் இருப்பை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள். வரும் மாத எண்ணிக்கை பயிற்சிக் காலத்தோடு, வேலை தேட இன்னும் ஆறு மாதத்தையாவது தாங்க வேண்டும். தாங்காதென்றால் முதல் வழியையே முயலுங்கள். அந்த வேலையின் அன்றாடம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் அங்கேதான் சீக்கிரம் தெரியும்.