டைப்போகிராபி அசைன்மென்ட்டுக்கு கேட்டமரன் (Catamaran) ஃபான்ட் எப்டி?

தமிழ் போஸ்டருக்கு ஃபான்ட் தேடி அலையுற டிசைன் பசங்க முதல்ல இத டவுன்லோட் பண்ணிப் பாருங்க, பிரியா ரவிச்சந்திரன் டிசைன் பண்ணது, கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீ. ரொம்ப மெல்லிசான தின் (Thin)ல இருந்து ரொம்ப தடியான பிளாக் (Black) வரைக்கும் 9 வெயிட், அதாவது எழுத்தோட தடிமன், இருக்கு, அதனால தலைப்பு, சின்ன எழுத்து எல்லாத்தையும் ஒரே ஃபேமிலில முடிச்சிரலாம், கூடவே இங்கிலீஷ் எழுத்தும் அதே ஸ்டைல்ல வருது. தின் வெயிட்ல ஒரு 'ண' மட்டும் பக்கம் முழுக்க வச்சு அந்த சுழிக்குள்ளயே இல்லஸ்ட்ரேஷன் வரைஞ்சு பாருங்க, செம்மயா இருக்கும். ஆனா கதை புக் கவருக்கு கையெழுத்து ஃபீல் வேணும்னா இது கொஞ்சம் விறைப்பு, அதுக்கு தாரிக் அஸீஸ் டிசைன் பண்ண கவிவனார் (Kavivanar) ஃபான்ட் பெட்டர், என்ன ஒண்ணு அதுல ஒரே வெயிட்தான். அப்புறம் சாஃப்ட்வேர்ல இந்திய மொழி செட்டிங் ஆன் பண்ணாம அடிச்சீங்கன்னா 'கெ'ல கொம்பு பின்னாடி போய் உக்காந்துக்கும், அதுக்கு ஃபான்ட்ட திட்டாதீங்க.