காட்டுச் சூரியகாந்தி விதைப் பொட்டலம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டருகே உள்ள நாற்றங்காலில் 40 ராண்டுக்கு வாங்கிய இவ்விதைகளை நவம்பரில் கறிவேப்பிலை மரத்தை ஒட்டி ஊன்றினேன். பத்தில் ஏழு முளைத்தன. மற்றச் செடிகள் பூத்து ஓய்ந்திருந்த பிப்ரவரி இறுதியில் இவை பூக்கத் தொடங்கின.

பூச்செண்டுக்கென உருவாக்கப்பட்ட ஒற்றைத் தண்டு வகைகள் பலவற்றில் மகரந்தமே இராது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் காட்டு வகையோ பல கிளைகள் விட்டு, சிறிய பூக்களை வாரக்கணக்கில் அடுத்தடுத்துத் தருகிறது. ஒரே பூவாகத் தெரியும் ஒவ்வொரு பூத்தலையிலும் நிறைந்திருக்கும் குறும்பூக்கள் ஓரத்திலிருந்து நடு நோக்கி வளையம் வளையமாக விரிவதால், தேனீக்களுக்கு நாள்தோறும் புதிய தேனும் மகரந்தமும் கிடைக்கின்றன. மஞ்சள் பொடி அப்பிய வயிற்றோடு தச்சுத் தேனீ ஒன்று (பாட்டி இதைக் கருவண்டு என்பார்) அவ்வளையத்தையே சுற்றிச் சுற்றி நடந்ததை, கையிலிருந்த தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தில் தாவரவியல் பெயர் அச்சிடப்படவில்லை என்பது பெருங்குறை. மெக்சிகோ சூரியகாந்தி எனப்படும் டித்தோனியா, தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி வளர்க்கக் கூடாத அயல் களை. பெரும்பாலும் பிளவுபட்டிருக்கும் அதன் இலைக்குப் பதிலாக இதய வடிவ இலை விரிந்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது. பெயரை அச்சிட்டால் அடுத்த பருவத்துக்கும் இரண்டு பொட்டலம் வாங்குவேன்.