வினிகரா, குழாய்த் தண்ணீரா?

புரட்டாசி வந்தால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் வீடுகளில் காய்கறிப் பை கனக்கும். இங்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ‘பங்களாதேஷ்’ என்ற சந்தையில் வாங்கிய கொத்தமல்லியை எதில் கழுவுவது என்று பலருக்கும் குழப்பம். ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா பச்சைக் காய்கறியிலும் இருக்கலாம் என்ற பேச்சுதான் காரணம். பேச்சு பொய்யில்லை. கழிவுநீர் கலந்த ஆற்றுநீரும், சரியாக மட்காத கோழி எருவும் அந்தக் கிருமியைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே கழிவுநீர் நிலையங்கள் சேதமானது நினைவிருக்கும்.

ஆனால் மருந்துக்கு அடங்காதது என்பதால் சூட்டுக்கும் அடங்காது என்று பயப்பட வேண்டாம். நன்றாகக் கொதித்தால் அதுவும் சாகும்.

கிருமி குறைய:
குழாய்: ஓடும் நீரில் கையால் தேய்த்தால் நிறையவே போகும்.
வினிகர்: ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். இலைக்குள் புகுந்ததை இரண்டுமே எடுக்காது.

செலவு:
குழாய்: தண்ணீர்க் கட்டணம் மட்டும்.
வினிகர்: பாட்டில் சீக்கிரம் காலியாகும்.

ருசி:
குழாய்: மாறாது.
வினிகர்: புதினா துவளும், புளிப்பு நிற்கும். அப்புறம் மறுபடி அலச வேண்டும்!

வெள்ளரி, தக்காளி, கேரட்டுக்குக் குழாயே போதும். பச்சையாகச் சாப்பிடும் லெட்டூஸ், கொத்தமல்லிக்கு வேண்டுமானால் வினிகர். சோப்பு எதற்கும் வேண்டாம். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சையில் இருந்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு என்றால் நான் இரண்டையும் நம்ப மாட்டேன், சமைத்தே கொடுப்பேன்.