கையெழுத்துப் பிரிண்டை பிரேம் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் போர் விமான ஓவியப் பிரிண்டுகள் சேர்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்) தேடிப்பிடித்து வாங்கி அனுப்பிய பிரிண்ட். 1940 பிரிட்டன் வான்போர். மேகத்துக்கு மேலே ஜெர்மன் விமானம் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109, அதன் வாலிலேயே பிரிட்டிஷ் விமானம் ஒரு ஸ்பிட்ஃபயர். அடியில் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் ஓவியர் கையெழுத்து, பிரதி எண், பக்கத்தில் அடால்ஃப் கல்லாண்ட் போட்ட கையெழுத்து. ஜெர்மன் போர் விமானிகளுக்குத் தளபதியாக இருந்த அவர் 1996-லேயே இறந்துவிட்டார். இனி யாரிடம் போய்க் கேட்பது?

ராமநாதபுரம் டவுனில் ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். ஓரத்தை வெட்டக் கூடாது, பசை படக் கூடாது, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் போர்டு (படம் தெரிய நடுவில் திறப்பு வெட்டிய தடித்த அட்டை) வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அட்வான்ஸும் கட்டினேன். "விடுங்க பாய், நான் பாத்துக்கிறேன்" என்றார்.

வாங்கப் போனால் விமானங்கள் மட்டும் இருக்கின்றன. கையில் இருந்த சட்டத்தின் அளவுக்குச் சுற்றிலும் நறுக்கிவிட்டார். கையெழுத்துத் துண்டு குப்பையோடு போயாச்சு. மிச்சத்தை ஃபெவிகால் தடவி ஹார்ட்போர்டில் ஒட்டியிருக்கிறார். ஸ்பிட்ஃபயர் இறக்கை மேல் நகம் அளவுக்குக் குமிழ், வானம் முழுக்கச் சுருக்கம்.

"வெறும் வெள்ளப் பேப்பர்தானே பாய்! படம் முழுசா இருக்குல்ல? வேணும்னா எரநூறு ரூவா கொறச்சுக்குங்க."

வயிறு எரிகிறது. அந்த ஓரம் போனால் அது போஸ்டர்தான், வாங்க ஆள் கிடையாது.

நம் கரையில் ஈரமும் உப்புக் காற்றும் வேறு. தாள் கண்ணாடியைத் தொட்டால் ஐப்பசி மழையில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். மவுன்ட் போர்டு கேட்டதே அதற்காகத்தான். அமிலமில்லாத தாள் பட்டியை மேல் விளிம்பில் மட்டும் கோதுமைப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதுதான் முறை. சாதா ஹார்ட்போர்டில் இருக்கும் அமிலம் நாளாக நாளாகத் தாளைப் பழுப்பாக்கும்.

கொடுக்கும் முன் ஓரத்தோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். "வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மதுரைப் பக்கம் தாளில் கை வைக்காமல் பிரேம் போடுபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வீட்டில் இன்னொரு பிரிண்ட் உருளைக்குள்ளேயே கிடக்கிறது.