லேப் விண்டோஸ்ல உக்காந்து நம்ம லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் திறக்க எது தேறும்?

நம்ம உபுண்டு மெஷின் டிபார்ட்மென்ட்ல ஓடிட்டிருக்கு, நாம காமன் லேப்ல ஏதோ ஒரு விண்டோஸ் பிசி முன்னாடி உக்காந்திருக்கோம், அட்மின் பாஸ்வேர்டு கிடையாது, எந்திரிச்சதும் அதே சீட்ல வேற யாரோ வந்து உக்காருவாங்க. இந்த நிலைமைல ஸ்பீடு எல்லாம் அப்புறம்தாங்க. இன்ஸ்டால் பண்ணாம ஓடுமா, போகும்போது நம்ம தடம் அங்க தங்குமா, இதைத்தான் பாக்கணும்.

பழைய ஆளுங்க எக்ஸ் ஃபார்வர்டிங்னுதான் ஆரம்பிப்பாங்க, அதாவது ப்ரோக்ராம் லினக்ஸ்லயே ஓடும், அதோட விண்டோ மட்டும் நம்ம ஸ்க்ரீன்ல வரும். பென்டிரைவ்ல மோபாஎக்ஸ்டெர்ம் போர்ட்டபிள் வச்சிருந்தா போதும், எஸ்எஸ்எச் (என்க்ரிப்ட் பண்ணி தூரத்து மெஷின்ல லாகின் ஆகற வழி), எக்ஸ் சர்வர் (அந்த விண்டோவை இங்க வரைஞ்சு காட்டறது) ரெண்டும் அதுலயே இருக்கு. ஃபயர்வால் பெர்மிஷன் கேட்டு ஒரு பெட்டி வரும், கேன்சல் அடிச்சுடுங்க, நம்ம ட்ராஃபிக் எஸ்எஸ்எச் டனல் (என்க்ரிப்ட் ஆன குழாய்) வழியா லோக்கல்ஹோஸ்ட்டுக்குத்தான், அதாவது இதே பிசிக்குள்ளதான் வருது, அதனால ஒண்ணும் ஆகாது. ஒரு கிராஃப் விண்டோ பாக்க ஓகே, ஆனா ப்ரவுசர் மாதிரி கனமானதைத் திறந்தா இழுக்கும், கனெக்ஷன் அறுந்தா ஓடிட்டிருந்த ப்ரோக்ராமும் சேந்து போயிடும். புட்டிங்கற எஸ்எஸ்எச் க்ளையன்ட் யூஸ் பண்றவங்களுக்கு இன்னொண்ணு, பென்டிரைவ்லேர்ந்து ஓட்டினாலும் அது சர்வர் விவரத்தையெல்லாம் விண்டோஸ் செட்டிங்ஸ் சேமிக்கற ரெஜிஸ்ட்ரிலதான் எழுதுது!

விஎன்சின்னா லினக்ஸ் டெஸ்க்டாப் ஸ்க்ரீனையே நெட் வழியா அனுப்பற முறை. இதுல செஷன் சர்வர் பக்கமே உயிரோட இருக்கும், அது பெரிய நிம்மதி. ஆனா அதோட பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்தை மட்டும்தான் பாக்கும், ட்ராஃபிக்கும் என்க்ரிப்ட் ஆகாது. விஎன்சியோட 5901 போர்ட்டை ஊருக்கே திறந்து வைக்காதீங்க, எஸ்எஸ்எச் டனல் வழியாவே போங்க.

எக்ஸ்டூகோன்னு இன்னொரு ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர், ஸ்லோ நெட்டுக்கு நல்லா இருக்கும், எஸ்எஸ்எச்சோட 22 போர்ட் ஒண்ணே போதும், லேப்ல நிறுத்தின செஷனை வீட்ல தொடரலாம். உபுண்டுவோட வழக்கமான டெஸ்க்டாப்பான க்நோம் அதோட ஒத்துப்போகாது, எக்ஸ்எஃப்சிஇ இல்ல மேட்டேன்னு வேற டெஸ்க்டாப் போட்டுக்கணும். க்ளையன்ட்டை நாமதான் கொண்டு போகணும், அதான் இடிக்குது.

என் ஓட்டு எக்ஸ்ஆர்டிபிக்கு, அதாவது விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப் வழியா லினக்ஸுக்குள்ள விடற சர்வர். விண்டோஸ்ல ரிமோட் டெஸ்க்டாப் க்ளையன்ட் ஏற்கனவே இருக்கு, 2018-க்கு அப்புறம் வந்த விண்டோஸ் 10-ல எஸ்எஸ்எச் கமாண்டும் பெரும்பாலும் இருக்கும், அதனால லோக்கல் 3390 போர்ட்டை உபுண்டு பக்கத்து 3389-க்கு எஸ்எஸ்எச் டனல் போட்டுட்டு, ரன் பெட்டில எம்எஸ்டிஎஸ்சிக்குப் (mstsc, அந்த க்ளையன்ட்டோட கமாண்ட்) பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு /பப்ளிக்னு இங்கிலீஷ்ல அடிச்சு லோக்கல்ஹோஸ்ட்:3390 குடுத்தா வேலை முடிஞ்சது. அந்த பப்ளிக் மோடு பாஸ்வேர்டையும் ஸ்க்ரீன் படங்களையும் கேஷ் பண்ணாது, பொது பிசிக்குன்னே வச்ச வசதி, ஏனோ யாரும் கண்டுக்கறதில்ல. நாம போன சர்வரை எஸ்எஸ்எச் குறிச்சு வைக்கற நோன்_ஹோஸ்ட்ஸ் (known_hosts) ஃபைலை மட்டும் கையால அழிச்சுடுங்க. கறுப்பு ஸ்க்ரீன் வந்தா பயப்படாதீங்க, அதே யூசர் அந்த உபுண்டு மெஷின்ல நேரடியா லாகின் ஆகியிருப்பீங்க, கிளம்பும்போதே அங்க லாக்அவுட் பண்ணிட்டு வாங்க.

லேப் ஃபயர்வால் 22-ஐயே அடைச்சிருந்தா மேல சொன்னது எதுவும் நடக்காது. அப்ப க்வாகமோலே பக்கம் போங்க, வெப்சைட்டுகளோட 443 போர்ட் வழியா ப்ரவுசர்லயே முழு டெஸ்க்டாப்பும் வரும், சர்வர்ல டாம்கேட்ங்கற வெப் சர்வர் எல்லாம் வச்சு செட்டப் பண்றதுதான் தலைவலி. டெர்மினல்ல ஒரு வார்த்தையை அழிக்கலாம்னு பழக்க தோஷத்துல கன்ட்ரோல்+டபிள்யூ அடிச்சா டேபே மூடிக்கும், சொல்லிட்டேன்.