24 சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

முதுகு பிடித்துக்கொண்டது என்று, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சொடக்கெடுக்கும் கைரோபிராக்டிக் கிளினிக்குக்குப் போகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான். குப்புறப் படுக்க வைப்பார்கள். ஷூவைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "பாருங்க, வலது கால் குட்டை. இடுப்பு எலும்பு விலகியிருக்கு" என்பார்கள். படுத்திருப்பவருக்குத் தெரியாதே, அதனால் கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஒரு அழுத்து, ஒரு சொடக்கு. மறுபடி பிடித்தால் இரண்டு காலும் சமம். கூட வந்தவர் வியந்து நிற்கும்போதே 24 சிட்டிங் பேக்கேஜ் தாள் மேஜைக்கு வந்துவிடும். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் தள்ளுபடி.

கால் வளரவில்லை. ஒரு குதிகாலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தால் போதும், ஷூவே அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். படுத்தவர் இடுப்பு லேசாகச் சாய்ந்திருந்தாலும் அப்படியே. உண்மையிலேயே அளக்க வேண்டுமானால் ஷூவைக் கழற்றி மல்லாந்து படுக்க வேண்டும். இடுப்பின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் வரை டேப் பிடிக்க வேண்டும். அழுத்துவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் பலருக்கும் உண்டு. அதனாலேயே அவர்களுக்கு முதுகு வலி வந்துவிடுவதில்லை.

அடுத்தது எக்ஸ்ரே. அதில் கோடு போட்டு 'சப்லக்சேஷன்' என்று எழுதித் தருவார்கள். இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதில்தான் சூட்சுமம். எலும்பு மருத்துவர் சொன்னால் மூட்டு பாதி நழுவியிருக்கிறது என்று பொருள். எக்ஸ்ரேயில் யார் பார்த்தாலும் தெரியும். அப்படி நழுவிய இடத்தைக் கையால் அழுத்தவே கூடாது. கைரோபிராக்டிக்காரர் சொல்வது வேறு: முள்ளெலும்பு சற்றே இடம் மாறி நரம்பைத் தடுப்பதால்தான் நோய்கள் வருகின்றன என்ற கருத்து. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர், காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கும் திறனை மீட்டதாகச் சொன்னதிலிருந்து வளர்ந்தது அது. செவி நரம்பு காதிலிருந்து நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலே, இந்த விலகல்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என 2010இல் அறிவித்துவிட்டது.

வீட்டில் பழைய எம்.ஆர்.ஐ. இருந்தால் அதையும் வைத்துப் பயமுறுத்துவார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்குவது, இருந்தது. 80 வயதில் தேய்மானம் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'ஜவ்வு விலகிடுச்சு' என்ற ஒரு வரி வலிக்குக் காரணம் ஆகாது. அழுத்தினால் டிஸ்க் உள்ளே போய் உட்காரும் என்பதும் கதை. பிதுங்கிய பகுதியை உடலே பல மாதங்களில் கரைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 'டக்' என்ற சத்தமும் எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல. விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதுதான் இதுவும்: மூட்டுத் திரவத்தில் திடீரென்று அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்த வைத்தியத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சமீபத்தில் வந்த, காலுக்கு இறங்காத கீழ் முதுகு வலிக்கு உதவுகிறது. கழுத்திலிருந்து கிளம்பும் சிலவகைத் தலைவலிக்கும் ஓரளவு கேட்கும். ஆனால் பலன் உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் தரும் அளவுதான். புதிதாக வந்த முதுகு வலி நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலோருக்குத் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். மூன்று மாதம் ஓடும் பேக்கேஜ் பேர் வாங்குவது இப்படித்தான். நேர்மையானவர் சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் வாங்குவார், வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தருவார். ஆறு சிட்டிங்குக்குள் குனிவதிலும் உட்காரும் நேரத்திலும் மாற்றம் இல்லையென்றால் 'வேறு டாக்டரைப் பாருங்க' என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை படுக்கையை நனைப்பது, காதுச் சீழ், கைக்குழந்தையின் வயிற்றுவலி அழுகை ஆகிய எதற்கும் இது வைத்தியமல்ல. ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பை அழுத்த வேண்டாம் என்று கைரோபிராக்டிக் வாரியமே 2019இல் தன்னிடம் பதிவு செய்தவர்களுக்குச் சொல்லிவிட்டது.

காசு போனால் போகட்டும், கழுத்து விஷயம் வேறு. மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் ஓட்டைகள் வழியாக ஏறி, கழுத்தின் மேல்கோடி எலும்பருகே வளைந்து போகின்றன. கழுத்தைச் சட்டென்று திருகினால் தமனியின் உட்சுவர் கிழியக்கூடும். அங்கே ரத்தம் உறைந்து மேலே போனால் பக்கவாதம். அரிதுதான், ஆனால் நடுத்தர வயதுக்காரர்களுக்கும் வருகிறது. சில சமயம் கழுத்து வலியே அந்தக் கிழிசலின் முதல் அறிகுறி. அதைத்தான் நெட்டி முறிக்கப் போவார்கள். திருகிய பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரமரப்பு வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். சலூனில் தலை மசாஜோடு இலவசமாகக் கிடைக்கும் கழுத்துச் சொடக்குக்கும் இதே ஆபத்துதான்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய் வந்தவர்கள் அழுத்தவே கொடுக்கக் கூடாது. காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்; நம் ஊரில் அது அபூர்வமல்ல. சிறுநீர் வராமல் அடைப்பது, மலத்துவாரத்தைச் சுற்றி உணர்விழப்பது, இரண்டு காலும் தளர்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாது.

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று சட்டப்படியான தனிக் கவுன்சில் இல்லை. பெயர்ப் பலகையில் 'டாக்டர்' இருந்தால் எந்தக் கவுன்சிலின் பதிவு எண் என்று கேளுங்கள்.

பணம் கட்டிவிட்டீர்களா? ரசீதையும் பேக்கேஜ் தாளையும் பத்திரப்படுத்துங்கள். மீதி சிட்டிங்கின் பணத்தை வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும் கொடுக்கலாம்.