ஐசிஜி கேமராவோடு ஆறு வருடம்

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அகச்சிவப்புக் கேமராவைப் பயன்படுத்தத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்கும் இளைய அறுவை மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தக் கேமராவில் ஒளிர்ந்து தெரியும் சாயமான இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐசிஜி, புற்றுநோயைக் காட்டாது. நிணநீர் போகும் வழியையும் இரத்தம் எட்டும் இடத்தையும்தான் காட்டும். ஆனால் அந்த இரண்டையும் அவ்வளவு தெளிவாகக் காட்டுவதால், இன்று இந்தக் கேமரா இல்லாமல் அக்குளைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை.

முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தோலுக்கடியில் கொஞ்சம் ஐசிஜி செலுத்துவோம். மெல்லத் தேய்த்துவிட்டு, தியேட்டர் விளக்கை அப்பால் திருப்புவோம். சில நிமிடத்தில் திரையில் ஒரு வெள்ளைக் கோடு அக்குளை நோக்கி ஊர்ந்து போகும். அது மங்கி மறையும் இடத்தில் ஆழத்தில் இருக்கும் முதல் நிணநீர்க் கணு. புற்று பரவியிருந்தால் முதலில் எட்டும் இடம் அதுதான் என்பதால், அதை எடுத்துச் சோதிக்கிறோம். எங்கே கீற வேண்டும் என்பது கீறுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சாயம் சுமார் 800 நானோமீட்டர் ஒளியை வாங்கி 830 அருகே திருப்பித் தருகிறது. ஆனால் திசுவுக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குமேல் அது தெளிவாகத் தெரிவதில்லை. பருமனான உடலில் கோடு பாதியிலேயே காணாமல் போகும். அங்கே கதிரியக்கப் பொருளைச் செலுத்திக் கணுவைத் தேடும் பழைய காமா கருவிதான் கைகொடுக்கும், அதை ஓரங்கட்டிவிடாதீர்கள்.

இதே கணுவைத் தேட முன்பு பயன்படுத்திய நீலச் சாயத்தைக் கைவிட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. மார்பகத்தைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகும் அந்த நீலக்கறை மாதக்கணக்கில் தோலில் தங்கும். குளிக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒருவர் அழுதபோதுதான் எனக்குப் புரிந்தது.

சிரமங்களும் உண்டு. கீறும்போது, ஒளிரும் நிணநீர்க் குழாயை வெட்டிவிட்டால் சாயம் கசிந்து அக்குள் முழுக்க வெள்ளையாகிவிடும், எது கணு என்றே தெரியாது. முதல் மாதங்களில் எனக்கு இது பல முறை நடந்தது. இப்போது குழாயைத் தொடாமல் அதன் பக்கவாட்டில் இறங்குகிறேன். இன்னொன்று, ஐசிஜி சிறிய மூலக்கூறு, முதல் கணுவோடு நிற்காமல் அடுத்தடுத்த கணுக்களுக்கும் ஓடிவிடும். தொடக்கத்தில் ஒளிர்ந்ததையெல்லாம் எடுத்தேன். அது தவறு. ஒவ்வொரு கூடுதல் கணுவும் கைவீக்கத்துக்கு ஒரு படி நெருக்கம். கோடு முதலில் வந்து சேர்ந்த கணுக்களை எடுத்துவிட்டு நிறுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மார்பக மறுசீரமைப்பில் சாயத்தைச் சிரை (இரத்தக் குழாய்) வழியாகக் கொடுக்கிறோம். ஒரு நிமிடத்துக்குள் தோல் ஒளிர ஆரம்பிக்கும், இரத்தம் எட்டாத இடம் இருட்டாகவே இருக்கும். கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றிவிடுவதால், சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கலாம். ஆனால் அட்ரினலின் கலந்த திரவத்தை அங்கே செலுத்தியிருந்தால் நல்ல தோலும் இருட்டாகத் தெரியும். அதை நம்பி வெட்டி எறிந்துவிடக் கூடாது.

சரி, புற்றுத் திசுவையே காட்டும் சாயம்? பெகுலிசியானின் என்ற மருந்துக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டியை எடுத்த பிறகு குழிக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அது. புற்றுத் திசுவில் அதிகமாக வேலை செய்யும் நொதிகள் வெட்டும்போதுதான் அது ஒளிரும். நான் பயன்படுத்தியதில்லை, ஆய்வு முடிவுகளைப் படித்தேன். சிலருக்கு மறைந்திருந்த மிச்சத்தைப் பிடித்திருக்கிறது, இரண்டாவது அறுவை தவிர்ந்திருக்கிறது. அதே சமயம் எல்லா மிச்சத்தையும் அது காட்டிவிடவில்லை, கடும் ஒவ்வாமை எச்சரிக்கையும் இருக்கிறது. ஒளிரவில்லை என்பதை மட்டும் வைத்து, வெட்டிய விளிம்பில் புற்று இல்லை என்று நான் எந்தப் பெண்ணிடமும் சொல்ல மாட்டேன். எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் நோய்க்கூறு அறிக்கை வரட்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஐசிஜி தூளை உப்புநீரில் கலக்கச் சொல்லாதீர்கள், அதனுடன் வரும் ஊசிநீரில்தான் கலக்க வேண்டும். கலந்தது 6 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று அதற்கு முன்பே நோயாளியிடம் கேட்டுவிடுங்கள்.